நாய் போய் மாதக்கணக்கு ஆச்சு, ஆடும் மிரள்கிறது, நானும் மிரள்கிறேன்: இந்தப் பதற்றம் உயிர்களுக்கு எதற்காக வந்தது?

கொரங்காட்டான் (காங்கயம் பக்கம்) கேட்டது:

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்களுக்குக் கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அப்பாரு காலத்திலிருந்து செம்மறியை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் ராத்திரியும் அங்கேயே கிடக்கும், காவலுக்கு ஆள் போட்டதே இல்லை. போன மழைக்காலத்தில் தெருநாய்க் கூட்டம் வேலிச் சந்தில் புகுந்து கடித்துக் குதறிவிட்டது. இந்தப் பக்கம் பல பேருக்கு நடந்ததுதான், செத்த ஆட்டை ரோட்டில் போட்டு மறியல் செய்ததெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இழப்பீடு பற்றிக் கேட்க இந்தத் திரியை ஆரம்பிக்கவில்லை, அதற்கு வேறு திரி ஓடுகிறது.

தப்பித்த ஆடுகள் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. பனையோலை காற்றில் உரசினால் போதும், மொத்த மந்தையும் மூலைக்கு ஓடி ஒடுங்கி நிற்கிறது. புல் நன்றாகத்தான் இருக்கிறது, ரெண்டு வாய் கடித்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்கின்றன. சினையாக இருந்ததில் சில கலைந்துபோய்விட்டன. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அப்புறமாகச் சந்தையில் வாங்கி வந்து விட்ட ஆடுகள், அந்த நாய்களைக் கண்ணால்கூடப் பார்க்காதவை, அவையும் இப்போது அதே மாதிரி மிரள்கின்றன.

என் கதையும் அதேதான். தூக்கத்தில் சட்டென்று விழிப்பு வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டைச் சுற்றிவிட்டு வருகிறேன், வந்து படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நாய் எதிரில் நிற்கும்போது பயப்படுவது புரிகிறது, அது உயிரைக் காக்கும். வராத நாய்க்கு ஏன்? மேய்ச்சல் போகிறது, எடை இறங்குகிறது, தூக்கம் கெடுகிறது. இவ்வளவு நட்டம் தருகிற ஒரு குணம் எப்படி அழியாமல் இத்தனை கோடி வருஷம் நிலைத்து நிற்கிறது? ஆட்டுக்கு வந்திருப்பதும் எனக்கு வந்திருப்பதும் ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தாராபுரத்து டாக்டர் (கால்நடை, ஓய்வு):

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரு கலைந்ததை மொத்தமாக நாய் மேல் போட்டுவிடாதீர்கள். நாய் விரட்டிய சினை ஆட்டுக்குக் கரு கலைவது உண்மைதான், ஆனால் புருசெல்லா என்கிற கன்று வீச்சு நோயும் அதே வேலையைச் செய்யும், அது மனிதருக்கும் ஒட்டக்கூடியது. விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட வேண்டாம், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், மருந்தகத்தில் சொல்லி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

இனி கேள்விக்கு. நாயைப் பார்த்த நொடியில் உடம்பை ஓட வைக்கும் அட்ரீனலின் என்ற ஹார்மோன் ஏறும், ஓடி முடித்துக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதற்குப் பின்னால் மெதுவாக வருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன், அது நிதானமாகத்தான் இறங்கும். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சலசலப்புக்கும் ஏறிக்கொண்டே இருந்தால் அசை போடுவது, சினை பிடிப்பது, நோய் எதிர்ப்பு எல்லாமே அடி வாங்கும். கனடாவின் யூகான் பகுதியில் பனிமுயல்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அடைப்புக்குள் இருந்த சினை முயல்களிடம் பழக்கிய நாய் ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓரிரு நிமிடம் மட்டும் அழைத்துப் போனார்கள். நாய் ஒன்றையும் கடிக்கவில்லை. அப்படியும் அந்தத் தாய்களின் உடம்பில் கார்டிசால் கூடியது, குட்டிகள் சிறுத்துப் பிறந்தன, செத்துப் பிறந்தவையும் அதிகம்.

ஆட்டுக்கும் உங்களுக்கும் ஒன்றுதானா என்று கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் 2016இல் இதையே சோதித்தார்கள். ஆட்டுக்கு ஒரு ஜன்னல் வழியாகச் சில நொடி நாயைக் காட்டிவிட்டு ஜன்னலை மூடிவிடுவார்கள், பக்கத்திலேயே தீனி இருக்கும். பதற்றத்தைக் கூட்டும் மருந்து ஏற்றிய ஆடுகள் மூடிய ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றன. பதற்றத்தைத் தணிக்கும் டயஸிபாம் மருந்து ஏற்றியவை பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு சீக்கிரமே தீனிக்குப் போய்விட்டன. மனிதருக்குக் கொடுக்கிற அதே டயஸிபாம்தான். மருந்து ஒரே இடத்தில் வேலை செய்கிறது என்றால் உள்ளே இருக்கும் ஏற்பாடும் கிட்டத்தட்ட ஒன்று என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆடு மனசுக்குள் என்ன நினைக்கிறது என்பது வேறு கேள்வி. (இதைப் படித்துவிட்டு யாரும் ஆட்டுக்கு மாத்திரை தேடி மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள்.)

விலங்கியல் வாத்தியார் (கோவை):

டாக்டர் ஆட்டோடு நின்றுவிட்டார், நான் இன்னும் கீழே இறங்குகிறேன். 2014இல் பிரான்சில் ஒரு குழு கிரேஃபிஷ் என்ற, கொடுக்குள்ள நன்னீர் இறாலை வைத்து இதைப் பார்த்தது. கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கை வெளிச்சம், இரண்டு கை இருட்டு. சாதாரண இறால் இருட்டை விரும்பினாலும் வெளிச்சப் பக்கமும் போய்ச் சுற்றிப் பார்க்கும். லேசாக மின் அதிர்ச்சி கொடுத்த இறால், அதிர்ச்சியெல்லாம் முடிந்த பிறகும், வெளிச்சத்துக்கு வரவே இல்லை. மனிதரின் பதற்றத்தைத் தணிக்க 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசிபாக்சைடு மருந்தை ஏற்றியதும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. இறாலும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து 50 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஏற்பாடு அவ்வளவு பழையதாகவே இருக்கலாம், அல்லது பழைய சாமான்களை வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்டியதாகவும் இருக்கலாம், இரண்டில் எதுவானாலும் சும்மா வந்து ஒட்டிக்கொண்டது இல்லை.

நீங்கள் பிரித்துக் கேட்டது சரியான இடம். எதிரில் நிற்கும் நாய்க்கு வருவது ஒன்று, நாய் இருக்குமோ இருக்காதோ என்பதற்கு வருவது இன்னொன்று. ஹவாயில் பிளான்சர்ட் என்ற ஆய்வாளர் தம்பதியர் எலி வளைகளுக்கு வெளியே பூனையைக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்துவிடுவார்கள். பூனை போய் மணிக்கணக்கான பிறகும் எலிகள் வெளியே வந்து தின்னாது. அப்புறம் வளை வாயில் மூக்கை மட்டும் நீட்டும், உடம்பை நீட்டி மோந்து பார்க்கும், உள்ளே ஓடும், மறுபடி நீட்டும். உங்கள் ஆடு ரெண்டு வாய்க்கு ஒருதரம் தலை தூக்குவதும் இதே காரியம்தான். பயத்துக்கு வேலை தப்பி ஓடுவது. பதற்றத்துக்கு வேலை தகவல் சேர்ப்பது. தகவல் கிடைக்காதவரை அது அடங்காது.

நட்டக் கணக்குக்கு வருவோம். ஒரு ஆடு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓலைச் சத்தத்துக்கு ஒருமுறை வீணாக ஓடினால் 5 ரூபாய் மேய்ச்சல் போகும். அப்படியானால் 1,999 தடவை வெட்டியாக ஓடி, ஒரே ஒரு தடவை நிஜ நாயிடமிருந்து தப்பித்தாலும் ஆட்டுக்குக் கையில் நட்டமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி இதைப் புகை கண்டால் அலறும் கருவியோடு ஒப்பிட்டு எழுதினார். தோசைக்கல் புகைக்கு அலறாத கருவி வேண்டுமென்றால், வீடு பற்றும்போதும் சில சமயம் அலறாத கருவியைத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே தேவைக்கு மேல் பதறுவது பழுது இல்லை, அது அப்படித்தான் அமைந்திருக்கிறது. 

புது ஆடு மிரள்வதற்கும் பதில் இருக்கிறது. 1980களில் மினேகா, குக் என்ற ஆய்வாளர்கள், பாம்பையே பார்க்காத ஆய்வகக் குரங்குகளுக்கு இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் வீடியோவைக் காட்டினார்கள். பார்த்த குரங்கும் பாம்புக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. அதே வீடியோவை வெட்டி ஒட்டி, பூவைப் பார்த்து அலறுவது மாதிரிக் காட்டினால் பூவுக்குப் பயப்படவில்லை. ஆக, மற்றவரைப் பார்த்து மிரளக் கற்கும் வழி உள்ளேயே இருக்கிறது, ஆனால் கண்டதற்கெல்லாம் அது திறப்பதில்லை. முதுமலையில் மந்தி குரல் கொடுத்தால் புள்ளிமான் நிமிர்ந்துவிடும், அது சிறுத்தையை நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பல்லடம் பண்ணைக்காரன்:

வாத்தியார் ஐயா கோவித்துக்கொள்ளக் கூடாது. எதை எடுத்தாலும் "இது உயிர் காக்க வந்தது" என்று ஒரு கதை கட்டிவிட முடியும். நான் கறிக்கோழி வளர்க்கிறேன். பக்கத்துக் கோயில் நோம்பிக்கு வெடி போட்டால் ஷெட்டில் கோழிகள் ஒரு மூலைக்குப் பறந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் சாகின்றன. வெடி கொல்லவில்லை, நரி கொல்லவில்லை, பதற்றம்தான் கொல்கிறது. உங்கள் 1,999 கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

விலங்கியல் வாத்தியார்:

நட்டப் பக்கம்தான் எழுத வேண்டும், நியாயமான கேள்வி. காட்டுக்கோழிக்கு நாலு சுவர் கிடையாது, சிதறிப் பறந்து மரம் ஏறிவிடும். ஷெட்டுக்குள் அதே ஓட்டம் மூலையில் போய் முட்டுகிறது. பழைய கணக்கு, புது இடம். 

பதற்றத்தால் வரும் நட்டம் நிஜம் என்பதற்கு உங்கள் ஷெட்டைவிடச் சுத்தமான சான்றும் உண்டு. கனடாவில் லியானா ஸானெட் குழு 2011இல், பாட்டுச் சிட்டுகளின் கூடுகளுக்கு வலையும் மின்வேலியும் போட்டு எந்த வேட்டைப் பிராணியும் நெருங்க முடியாமல் செய்துவிட்டு, ஸ்பீக்கரில் வேட்டைப் பிராணிகளின் குரலை மட்டும் ஒலிக்க விட்டது. அந்தப் பருவத்தில் வளர்ந்து வந்த குஞ்சுகள் 40 விழுக்காடு குறைந்தன. சத்தம் மட்டுமே செய்த வேலை.

கதை கட்டுகிறோமா இல்லையா என்று பார்க்க ஒரு வழி, பதற்றம் குறைந்தவை என்ன ஆகின்றன என்று பார்ப்பது. டுகாட்கின் என்ற ஆய்வாளர் 1992இல் கப்பி மீன்களைக் கூச்சமானவை, நடுத்தரம், துணிந்தவை என்று பிரித்து ஒரு வேட்டை மீனோடு தொட்டியில் விட்டார். 60 மணி நேரம் கழித்துக் கூச்ச மீன்களில் 40 விழுக்காடு மிச்சம், நடுத்தரத்தில் 15, துணிந்தவற்றில் ஒன்றுகூட இல்லை. மறுபக்கமும் பாருங்கள், வேட்டைப் பிராணி இல்லாத தீவுகளில் இந்தக் குணம் தேய்ந்துபோகிறது. 1835இல் கலாபகஸ் தீவில் டார்வின் ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் கிளையிலிருந்து தள்ளினார், அது அதுவரை பறக்காமல் உட்கார்ந்திருந்தது. இந்தக் குணம் செலவில்லாமல் கிடைப்பதாக இருந்தால் தேய வேண்டிய அவசியமே இல்லை. விலை அதிகம், அதனால் தேவையில்லாத இடத்தில் குறைகிறது, தேவையுள்ள இடத்தில் எவ்வளவு நட்டம் என்றாலும் நிற்கிறது.

பின்னல் அம்மிணி (திருப்பூர்):

ஆடு, கோழி, மீன் எல்லாம் ஆச்சு, மனுஷங்களுக்கு வாங்க. நான் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்களுக்கு நாயும் இல்லை புலியும் இல்லை, பையரிடமிருந்து (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) ஒரு மெயில் வராமல் இருந்தாலே வயிறு கலங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி என்று போட்டது ஞாபகம் இருக்கும். போடப் போகிறார்கள், போட மாட்டார்கள், பாதி போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்த வாரங்களில் எங்கள் ஃப்ளோரில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. போட்ட பிறகு, சரி, இனி எந்த ஆர்டரை விடுவது, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். நட்டம் கூடிவிட்டது, ஆனால் படபடப்பு குறைந்துவிட்டது. இதை யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். அண்ணா, உங்களுக்கு இன்றைக்கு ராத்திரி நாய் கண்டிப்பாக வரும் என்று தெரிந்தால் இவ்வளவு பதறுவீர்களா, இல்லை தடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்களா?

கொரங்காட்டான்:

அம்மிணி சொல்வது நிஜம். ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை திரிந்த சமயத்தில் ஆட்டைச் சாயங்காலமே பட்டியில் அடைத்துவிட்டு எல்லோரும் முழித்துத்தான் கிடந்தோம், அப்போது இப்படி நெஞ்சடிக்கவில்லை. இப்போதுதான் ஒன்றும் இல்லாதபோது அடிக்கிறது. அப்படியானால் நான் ஆட்டைவிட மோசமா? ஆட்டுக்கு ஓலைச் சத்தமாவது வேண்டும். எனக்கு அதுகூட வேண்டியதில்லை, சும்மா படுத்திருந்தாலே போதும்.

விலங்கியல் வாத்தியார்:

மோசம் என்று சொல்ல மாட்டேன், கூடுதலாக ஒரு கருவி உங்களிடம் இருக்கிறது. ஆட்டுக்கு வெளியிலிருந்து ஏதாவது குறிப்பு வேண்டும். மனிதன் நடக்காததை உள்ளேயே நடத்திப் பார்ப்பான். போன வருஷம் மழை பொய்த்ததை நினைத்து இந்த வருஷத்துக்கு விதை எடுத்து வைப்பதும், வராத நாயை ராத்திரி வரவழைப்பதும் அதே திறமையின் வேலைதான். அது இல்லாமல் விவசாயமும் இல்லை, திருப்பூரும் இல்லை.

அம்மிணி சொன்னதை லண்டனில் 2016இல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 45 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு, கல்லைப் புரட்டினால் அடியில் பாம்பு இருக்கலாம், இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது வந்த படபடப்பைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருந்தபோது வந்ததுதான் உச்சம். கெடுதலின் அளவு இல்லை, தெரியாமையின் அளவுதான் ஆட்டி வைக்கிறது.

இன்னொன்று, மனிதனுக்கு நாய் மட்டும் ஆபத்து இல்லை. கூட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டால் தனியாக உயிர் பிழைக்க முடியாத காலம்தான் நம் இனத்தின் பெரும்பகுதி. பையர் மெயில் வராததும், ஒறம்பரைக்காரர் கல்யாணப் பத்திரிகை வைக்காததும் வயிற்றைக் கலக்குவதற்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம்.

அந்தியூர் பெரியவர்:

எங்க அய்யன் காலத்தில் வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி பூராவும் ஒரே ஆள் முழித்திருந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தர் படுப்பார், ஒருத்தர் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வயசானவர்கள் எப்படியும் மூணு மணிக்கே எழுந்துவிடுவார்கள். தம்பி, நீங்க ஒத்தை ஆளாகக் காட்டைக் காக்கிறீர்கள், அங்கேதான் கோளாறு. பங்காளி வீட்டு ஆடும் பக்கத்தில்தானே கிடக்கிறது, முறை போட்டுக்கொள்ளுங்கள்.

விலங்கியல் வாத்தியார்:

பெரியவர் சொன்னதற்கு ஒரு ஆய்வே இருக்கிறது. டான்சானியாவில் ஹட்ஸா என்ற வேட்டைச் சமூகத்தில் 33 பேரின் தூக்கத்தை 20 நாள் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் தூங்கிய நேரம் 18 நிமிடம்தான். யாரும் முறை வைத்துக்கொள்ளவில்லை, இளவட்டம் தாமதமாகப் படுக்கிறது, வயசானவர்கள் சீக்கிரம் எழுகிறார்கள், நடுவில் யாராவது புரண்டு விழிக்கிறார்கள். நடு ராத்திரி விழிப்பதே நோய் இல்லை, மனிதர் கூட்டமாகப் படுத்த காலத்தில் அதற்கு உபயோகம் இருந்தது. இப்போது நீங்கள் தனியாக விழித்திருக்கிறீர்கள், முழுக் காவலும் உங்கள் தலையில்.

கொரங்காட்டான்:

பங்காளியிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டான். கடைசியாக ஒரு சந்தேகம் டாக்டருக்கு. மந்தையில் நாலஞ்சு ஆடுகள்தான் முதலில் மிரண்டு மற்றதையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றை விற்றுவிட்டால் மந்தை அடங்குமா?

தாராபுரத்து டாக்டர்:

இப்போதைக்கு விற்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளைச் சாந்தமானவை, மிரள்பவை என்று தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்துப் பார்த்ததில் சாந்த வரிசையில் குட்டிச் சாவு குறைவு, தாய் குட்டியை விட்டு விலகுவது குறைவு. மிரளும் குணம் கொஞ்சம் ரத்தத்திலும் வருகிறது என்பது அதில் தெரிந்தது. ஆனால் அது காவல் உள்ள பண்ணை. வேலியில் சந்து இருக்கும் காட்டில் அந்த நாலஞ்சு ஆடுகள்தான் உங்களுக்கு முதல் தகவல் கொடுப்பவை, வாத்தியார் சொன்ன கப்பி மீன் கணக்கை ஞாபகம் வையுங்கள். 

வரிசையாகச் செய்ய வேண்டியது: கிளுவை பட்டுப்போன இடங்களில் மழைக்கு முன் புதுப் போத்து நடுங்கள், அது வேர் பிடிக்கும்வரை கம்பி வலை. ராத்திரிக்குச் சின்னப் பட்டியில் அடையுங்கள். எந்த ஆட்டையும் தனியாகக் கட்டாதீர்கள், இங்கிலாந்தில் 2004இல் தனியாக அடைத்த செம்மறிக்கு இன்னொரு செம்மறியின் முகப் படத்தைக் காட்டியதற்கே இதயத் துடிப்பும் கார்டிசாலும் இறங்கின, நிஜ ஆடு பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்த ஈத்தில் எது குட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறது என்று குறித்து வையுங்கள், வேலி சரியான பிறகும் அப்படி ஓடுகிற ஆட்டை மட்டும் கழியுங்கள்.

உங்களுக்கு: முறை போட்டுத் தூங்க ஆரம்பித்த பிறகும் படபடப்பு வாரக்கணக்கில் இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். போனில் பேசினால் போதும் என்றால் 14416, அது டெலிமானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். 2019 கணக்குப்படி உலகத்தில் 30 கோடிப் பேருக்கு மேல் பதற்றக் கோளாறு, கூச்சப்பட ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள், புருசெல்லா என்றால் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும்.